வளைகாப்பு கண்ட ஆண் பூனை

எங்கள் தெருவில் ஒரு பூனைக்கு வளைகாப்பு நடந்தது. நடத்தியவர்கள் நாங்கள்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு இன்றுவரை அதில் வெட்கமில்லை.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். துணி கொடுக்க வருகிறவர்கள் பாதி, பேச வருகிறவர்கள் பாதி. எனக்குப் பேச்சு பிடிக்கும். பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதெல்லாம் அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்கள் சொன்னதுதான். இஞ்ச் டேப் உடம்பைச் சுற்றியிருக்கும்போது மனுஷிகளுக்குப் பொய் சொல்ல வராது.

அந்தப் பூனை ஒரு மழைக்காலத்தில், வெட்டி மிஞ்சிய துணிகளைப் போட்டு வைக்கும் மூட்டைக்குள் கிடந்தது. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வெள்ளை உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக. மூட்டையில் இருந்த துணிகளையே ஒட்டுப்போட்டு யாரோ ஒரு பூனை தைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பாப்பா என்று கூப்பிட்டேன். அதுவே நிலைத்துவிட்டது.

மூன்று நிறப் பூனை என்றால் பெண்தான் என்பது ஊரறிந்த சங்கதி. என்னிடம் தைக்கக் கொடுக்கும் ஒரு பயாலஜி டீச்சரும் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேர்ள்தான் அக்கா. ஆணுக்கு மூணு கலர் வரவே வராது," என்றார். டீச்சரே சொன்ன பிறகு வாலைத் தூக்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

பாப்பா வளர்ந்தாள். வளர்ந்ததைவிட அதிகமாகப் பெருத்தாள். வயிறு தரையைத் தொடுவதுபோல் தொங்கியது. கோவளம் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கும்போதே கவனித்துவிட்டாள்.

"யக்கா, இன்னா இது, சொல்லவே இல்ல? வவுறு தொங்குது பாரு. நாலு குட்டி கீது உள்ள."

"நாலா?"

"கம்மியா சொல்றேன். கண்ணு வெச்ச மாதிரி ஆயிடக் கூடாதில்ல."

அவள் சொன்னது மாலைக்குள் தெருக்கோடிவரை போய்விட்டது. கலவை சாதம் செய்துவிடலாம் என்று யாரோ விளையாட்டுக்குச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது நிஜமாகிவிட்டது. ஒரு வீட்டில் புளி சாதம், ஒரு வீட்டில் எலுமிச்சை, ஒரு வீட்டில் தேங்காய். தயிர்சாதமும் சர்க்கரைப் பொங்கலும் என் பொறுப்பு. கைக்குழந்தை வளையல் இரண்டை ரிப்பனில் கோத்துக் கழுத்தில் கட்டினோம். நெற்றியில் வைத்த சந்தனத்தைப் பாப்பா முன்னங்காலால் துடைத்து நக்கினாள். மீன்கார அக்கா பாட்டுகூடப் பாடினாள். தயிர்சாதம் ஒரு தட்டு உள்ளே போயிற்று. பொங்கலின் மேல் மிதந்த நெய்யை மட்டும் நக்கிவிட்டு, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்து பந்தி முடிந்தபின் பையைத் தேடும் ஆள் மாதிரி ஒரு பார்வை.

அன்றிலிருந்து பாப்பா தெருவுக்கே பிள்ளைத்தாச்சி. ஒரு வாசலில் பால், அடுத்த வாசலில் பாலில் ஊறிய ரொட்டி, இன்னொரு வாசலில் இட்லி. எங்கள் ஊரில் பிரியத்தைச் சொல்ல வேறு வழி கிடையாது. "சாப்டியா?" என்பதில் தொடங்கி "இன்னும் கொஞ்சம்" என்பதில்தான் எங்களுக்கு எல்லாம் நடக்கும்.

குட்டி மட்டும் வரவில்லை.

பதிலாகத் தாகம் வந்தது. குளியலறை பக்கெட்டில் தலையை விட்டுக் குடித்துக்கொண்டே இருந்தாள். மாசமாக இருப்பவளுக்குத் தாகம் எடுக்கும் என்றோம். மெஷினுக்கு அடியில், கதவு மூலையில் என்று கண்ட இடத்தில் ஈரம் செய்தாள். குட்டி அழுத்தும், அடக்க முடியாது என்றோம். பிறகு பின்னங்கால்கள் தழைந்தன. பூனை விரல் நுனியில் நடக்கிற ஜீவன். இவள் குதிகால்வரை தரையில் பதித்து, உட்கார்ந்தபடியே நகர்வதுபோல் நடந்தாள். வயிற்றுச் சுமை என்றோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது. பிள்ளை பெற்ற பெண்கள் கூடிய இடத்தில் பதிலுக்கா பஞ்சம்?

ஒரு காலையில் மெஷினுக்கு அடியில் அந்த ஈரத்தைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. அப்போது அளவு கொடுக்க வந்திருந்த அந்த டீச்சர் குனிந்து பார்த்தார்.

"அக்கா, எங்க மாமனாருக்கு இப்படித்தான் பாத்ரூம்ல எறும்பு வந்துச்சு. அப்புறம் டெஸ்ட் பண்ணா, சுகர்."

"பூனைக்கா?"

"பூனைக்கு வரக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா என்ன?"

அன்றே காய்கறிக் கூடையில் துண்டு விரித்து, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போனேன். கால்நடை மருத்துவர் ஒரு சின்னப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. வாலைத் தூக்கினார். ரோமத்தை விலக்கினார். மறுபடி விலக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது எத்தனை மாசம்னு சொன்னீங்க?"

"வளைகாப்பே போட்டாச்சு மேடம்."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே. பிறகு அவர், "இது பையன் அக்கா," என்றார். பாப்பாவின் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் வைத்தார். அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுபோயிற்று. இனி அவனை அவன் என்றே எழுதுகிறேன்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். கறுப்பா ஆரஞ்சா என்று தீர்மானிக்கும் சமாச்சாரம் எக்ஸ் என்ற குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே ஒன்று கறுப்பு, இல்லையென்றால் ஆரஞ்சு. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு எக்ஸ் வேண்டும். அது பெண்ணுக்குத்தான் உண்டு. அபூர்வமாக ஒரு ஆணுக்கு இரண்டு எக்ஸும் கூடவே ஒரு ஒய்யும் வந்துவிடும். வெள்ளை தனி விஷயம். அது யாருக்கும் வரும்.

"இவனுக்கும் அப்படித்தான் இருக்கணும். டெஸ்ட் பண்ணாதான் உறுதியா சொல்ல முடியும். இந்த மாதிரி பசங்களுக்குக் குட்டி பிறக்காது. சிலருக்கு உடம்புல கொழுப்பு சேரும், அதனால சுகர் வரலாம். எலும்பு பலம் கம்மியா இருக்கலாம், சின்னதா விழுந்தாக்கூட முறியலாம். மூட்டு வலி வரலாம். சிலது எந்தக் கோளாறும் இல்லாம நல்லாவும் இருக்கும்."

"இவன்?"

"இவனுக்கு சுகர் ரொம்ப ஏறியிருக்கு. கால் தழைஞ்சதும் அதனாலதான், நரம்பு பாதிச்சிருக்கு. காலையும் சாயந்திரமும் இன்சுலின் போடணும். சாப்பாட்டை மாத்தணும். ஒழுங்கா பாத்தா கால் திரும்பவும் நிமிர சான்ஸ் இருக்கு. பாக்கலைன்னா ரொம்ப நாள் தாங்காது." மெஷினைத் துடைத்து வைத்தபடி, "யோசிச்சுச் சொல்லுங்க அக்கா. நிறைய பேர் இந்த இடத்துல விட்டுடுவாங்க. தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

அவர் நல்லவர், என்மேல் பாரம் ஏற்ற வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த "விட்டுடுவாங்க" என் காதில் விழுந்த விதம் வேறு. நான் கூடையைப் பார்த்தேன். அவன் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தான், தாயிடம் பால் குடிக்கிற குட்டி பிசைவதுபோல.

"யோசிக்க ஒண்ணுமில்ல மேடம். எங்க குத்தணும்னு காட்டுங்க."

"ஊசின்னா பயம் இல்லையே?"

"ஊசியிலதான் மேடம் என் சோறே."

கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அந்தக் குழிக்குள் ஊசியை விட வேண்டும். முதலில் அவன் சாப்பிட வேண்டும். சாப்பிடாத வேளை போடக் கூடாது, டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். பால், சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட் எதுவும் கூடாது. மீன், கோழி, முட்டை, உப்பில்லாமல் வேகவைத்தது. இவ்வளவுதான் பாடம். ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இன்சுலின் குடியேறியது.

என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்து வந்தவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார்.

"யாருக்கு இது?"

"நம்ம பிள்ளைத்தாச்சிக்கு."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாப்பாவின் எதிரே உட்கார்ந்து, "ஏன்டா, அன்னிக்கு வளையல் கட்றப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவன் தலையைப் பிடித்துக்கொள்ளும் வேலை அவருடையது.

தெருவில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. காரில் ஒருவர் வந்து இறங்கினார். மூன்று நிறத்தில் ஆண் பூனை என்றால் பெரிய ராசியாம், புதிதாகக் கடை வைக்கிறாராம், கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறாராம். வேளாவேளைக்கு ஊசி போட வேண்டும் என்றேன். "நோய்ப் பூனையா?" என்று கேட்டுவிட்டு, உட்காரப் போட்ட நாற்காலியில் உட்காராமலே போனார். ராசி அந்த ஒரு கேள்வியோடு தீர்ந்துவிட்டது.

இன்னொருத்தி என்னிடம் பல காலமாகத் தைப்பவள். பட்டு ரவிக்கைத் துணியை மேஜைமேல் வைத்தபடி சொன்னாள்: "ஆணும் இல்லாம பொண்ணும் இல்லாம இருக்கறத வீட்ல வெச்சிருந்தா நல்லதில்ல. ஏரிக்கரையில விட்டுடு. யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க."

நான் அந்தத் துணியை எடுத்து, மடிப்பு கலையாமல் அவள் பையிலேயே வைத்தேன்.

"என்ன, தைக்க மாட்டியா?"

"இந்த வீட்டுக்குள்ளதான் தைக்கறேன். இதுல அவன் இருக்கான். உனக்கு நல்லதில்லன்னா, உன் துணிக்கும் நல்லதில்ல."

அவள் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே. போகட்டும். வேறு தையல்காரி கிடைத்திருப்பாள். என்னைப்போல் ரவிக்கைக்குக் கைப்பட்டி வைக்க வராது.

ஊசி போட்டேன், வேகவைத்துக் கொடுத்தேன். ஆனாலும் சுகர் இறங்கவில்லை. டாக்டர், "வெளியில ஏதோ சாப்பிடறான் அக்கா," என்றார். எனக்குத் தெரியும். அவன் இன்னும் ஒரு தெருவே ஊட்டும் பிள்ளை. கதவைச் சாத்தி வைக்கலாம். தையல்காரி வீட்டுக் கதவு எத்தனை தடவை திறக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆகவே வீடுவீடாகப் போனேன். சாப்பாடு போடாதீர்கள் என்று ஒரு தெருவிடம் கேட்பதைப்போல் கஷ்டம் வேறில்லை. வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறாளே என்று ஒரு வீட்டில். எங்கள் பால் மட்டும் என்ன விஷமா என்று இன்னொரு வீட்டில். ஒவ்வொரு வாசலிலும் எறும்புக் கதையைச் சொன்னேன். எறும்பு எல்லோருக்கும் புரிந்தது. எங்கள் பக்கத்தில் சுகர் இல்லாத வீடு எது? மீன்கார அக்காவிடம் மட்டும், கொடுக்கலாம், மீனாக மட்டும், வேறெதுவும் சேர்க்காமல் என்றேன்.

"ஊரையே நிறுத்திட்டு என்ன மட்டும் வுட்டுட்டியா?" கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். "கேட்டுக்கோங்கடி! டாக்டரே என்னாண்டதான் துன்னச் சொல்லிக்கீறாங்க!"

ஆனாலும் இறங்கவில்லை. எங்கேயோ ஒரு வாசல் மிச்சம் இருந்தது.

நாலு வீடு தள்ளி ஓய்வு பெற்ற சார் ஒருவர் தனியாக இருக்கிறார். மகள் கீழ்க்கட்டளையில், வாரம் ஒருமுறை வந்து சமையலறையைச் சோதனை போட்டுவிட்டுப் போவாள். காலை பேப்பர் நேரத்தில் பாப்பாவைத் தேடிக்கொண்டு போனேன். அவர் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். எதிரே அவன், மரியாதையாக, விருந்தாளி மாதிரி.

"சார், இவனுக்கு ஏதாவது குடுக்கறீங்களா?"

"நானா? சேச்சே."

வேட்டி மடிப்பில் பிஸ்கட் தூள். அவன் மீசையிலும்.

"இது என்ன சார்?"

"அது நான் சாப்பிட்டதும்மா."

"உங்களுக்கே சுகராச்சே!"

அவர் பேப்பரை மடித்தார். "மெதுவா பேசு. பக்கத்து வீட்டுல கேட்டா என் பொண்ணுக்குப் போன் போயிடும்." வேட்டியைத் தட்டிவிட்டு, "ஒரு பிஸ்கட்தான். எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. எதிர்ல ஒருத்தன் உக்காந்து சாப்பிட்டா, நாமளும் சாப்பிட்ட மாதிரி இருக்கு," என்றார்.

நான் குனிந்து பாப்பாவின் மீசையில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்துவிட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "எப்படியும் ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்லிட்டாங்களாமே. இருக்கறவரைக்கும் வாய்க்கு ருசியா சாப்பிட்டுட்டுப் போகட்டுமேம்மா," என்றார்.

எனக்குச் சுரீரென்றது.

"உங்களுக்கும்தான் சார் டாக்டர் என்னென்னவோ சொல்லியிருக்கார். அதுக்காக நாங்க உங்களை இருக்கறவரைக்கும்னு ஓரமா வெச்சுட்டோமா? கரண்ட் போனா யார் வந்து பாக்கறது? இவன் போறவன் இல்ல சார். இருக்கறவன். இருக்கறவனுக்கு என்ன சாப்பாடோ அதைத்தான் குடுக்கணும்."

"பூனைக்காக என்கிட்ட சண்டை போடறியா?"

"ஆமா."

"சரி, எடுத்துட்டுப் போ உன் பூனையை." எழுந்து கதவைச் சாத்திக்கொண்டார். பாப்பா மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்கும் அழுகை வந்தது. ஆனால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிஸ்கட்டும் திரும்பி வந்திருக்கும்.

வெகுநாள் அவர் என்னோடு பேசவில்லை. பால் வாங்கும் இடத்தில் எதிரெதிரே நின்றாலும் வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, யாரிடமோ பேசுவதுபோல், "கோழி வேகவெச்சிருக்கேன். உப்பு போடல. அவனுக்குக் குடுக்கலாமான்னு யாராவது சொன்னா நல்லாயிருக்கும்," என்றார்.

"குடுக்கலாம் சார்."

"உப்பில்லாம எப்படித்தான் சாப்பிடறானோ. நானும் தின்னு பாத்தேன். கஷ்டம்."

அந்த மாதம்தான் கால் நிமிரத் தொடங்கியது. முதலில் இடது பின்னங்கால். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது. நான் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தேன். வாடிக்கைக்காரி ஒருத்தி வாசலில் நின்று, "அக்கா, மயக்கமா?" என்று பதறினாள். அவளையும் படுக்கவைத்துக் காட்டினேன். வலது காலுக்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது. வயிறும் வற்றியது. தொங்கிய தோல் மட்டும் பிரித்துவிட்ட லைனிங்போல ஆடிக்கொண்டிருந்தது.

போன வாரம் டாக்டர் அவனை மேஜையில் நடக்கவிட்டுப் பார்த்தார். இன்சுலின் அளவைக் குறைத்தார். இப்படியே போனால் ஒருநாள் நிறுத்தியே விடலாம், ஆனால் திரும்ப வராது என்று சொல்ல முடியாது, மாதாமாதம் கொண்டுவந்து காட்டணும் என்றார். எலும்பைப் பற்றித்தான் மறுபடி எச்சரித்தார். "அது மாறாது அக்கா. உயரத்துல ஏறாம பாத்துக்கோங்க. குதிச்சா ஆபத்து."

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்துவிட்டேன். அவன் நேராகக் காம்பவுண்டுச் சுவரடிக்குப் போனான். கால் தழைந்ததிலிருந்து அந்தச் சுவரை அண்ணாந்து பார்க்கிறதோடு சரி. அன்றைக்கு உட்கார்ந்தான், பின்பக்கத்தை அசைத்தான். நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். எகிறிவிட்டான். சுவரின்மேல் நின்று ஒருமுறை தள்ளாடினான், நிலைத்தான், வாலை உயர்த்தினான்.

என் கை அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடித்து இறக்கியிருக்கலாம். டாக்டர் சொன்னது காதில் இருந்தது. பயமும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் சுவரேறாத பூனையாக அவனை வைத்துக்கொள்வதற்கா நான் இத்தனை சண்டை போட்டேன்?

கையை இறக்கிக்கொண்டேன். உள்ளே போய், வெட்டி மிஞ்சிய துணியையெல்லாம் பழைய தலையணை உறைகளில் திணித்து, வாயைத் தைத்து, சுவரோரமாக நெடுக அடுக்கினேன். குதிக்கிறவன் குதிக்கட்டும்.

தெரு பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். "இன்னா இது, குப்பையா? வண்டில போட்டுடவா?"

"வேணாம். மழை வந்தா மட்டும் ஒரு குரல் குடு, உள்ள எடுத்து வெச்சுக்கறேன்."

அவள் மேலே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தெருவின் மறுகோடியில் மீன் கூடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.